இருநூற்றுப் பதினாலாவது மணி

"வந்துச்சு."

"வரலக்கா."

"வந்துச்சுடி. காதால கேட்டு, கையால மணி எடுத்துப் போட்டு..."

"படிச்சது நானு! என் வாயில வராதது உன் காதுல எப்படிக்கா..."

"வாய் உன்னுது, காது என்னுது. வாய்க்கு என்ன தெரியும், தான் என்ன சொன்னோம்னு?"

"இந்த அநியாயத்த நான் யார்கிட்ட போய்ச் சொல்றது! இருநூத்துப் பதிமூணுதான். அதுக்கு மேல ஒண்ணுகூட வரல, வரல, வரல!"

சொல்லி முடித்த பிறகுதான் பிரபா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசுகி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. டப்பாவில் பீங்கான் மணிகள், கரண்ட் அடுப்புக் கம்பியில் கோக்கிற வெள்ளை மணிகள். அறுபத்தெட்டு வயதில், இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியும் புத்தக எழுத்து கலங்கித்தான் தெரிந்தது அவளுக்கு. ஆனால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

"இருநூத்துப் பதிமூணுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

பிரபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை ஒன்றும் பெரிதாக இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். எண்ணினியா?"

ஜங்ஷனில் ஏதோ சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிறவரைக்கும் அக்காள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணினேன்" என்றாள் பிரபா.

சண்டை அத்தோடு நின்றுபோனது. வாசுகி கோபப்பட்டிருந்தால்கூடப் பிரபாவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. டப்பா மூடியை எடுத்து மெதுவாக, அழுத்தி, மூடினாள்.

*

விவகாரம் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய வாசுகி, இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிற மங்களூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஏறியதோடு விட்டாளா? மங்களூர் வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "கம்பெனி கேட்டு இன்னும் வரலீங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டிருக்கிறாள். அவள் சொன்ன கம்பெனி, விருத்தாசலத்தில் முப்பத்தோரு வருஷம் அவள் வேலை செய்த பீங்கான் கம்பெனி. அதன் கேட்டைப் பூட்டி வருஷம் பதினொன்று ஆகிறது. கண்டக்டர் நல்ல மனுஷன். ஃபோனில் பிரபாவைக் கூப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் பத்திரமாக ஏற்றி அனுப்பினான்.

இது ஓசூரில் இருக்கும் மகன் திலீபன் காதுக்குப் போயிற்று. அவன் வந்தான், கடலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினான். டாக்டர், "ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது, ஆரம்பந்தான், பார்த்துக்கணும்" என்றார். திலீபன் அதற்குள் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு இடத்தை விசாரித்து வைத்திருந்தான். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். நர்ஸுகள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது, கேட்டுக்கு உள்பக்கமும் பூட்டு இருக்கிறது.

"பூட்டி வைக்கிற எடத்துல கொண்டுபோய்ப் போடப்போறியா என்னைய?" என்றாள் வாசுகி.

"அம்மா, நீ மறுபடியும் எங்கியாவது போயிட்டா?"

"பஸ்ஸு மாறி ஏறினது தப்புதான். அதுக்காக மூளையே போயிடுச்சுன்னு சொல்லிடுவியா? முப்பத்தோரு வருஷம் சூளையில எண்ணிக்கை எடுத்தவ நான். ஒரு எண்ணிக்கை குடு. பெருசா குடு. நாப்பது நாள்ல எண்ணி முடிச்சுச் சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் நானே பையத் தூக்கிக்கிட்டு வந்துடறேன்."

திலீபன் சிரித்தான். ஆனால் அம்மாவின் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. எதை எண்ணுவது என்று அவளே சொன்னாள்.

'உப்பாற்று ராச்சியம்' என்று ஒரு மாயாஜாலத் தொடர். நாற்பது வருஷத்துக்கு முன் வாராவாரம் பத்திரிகையில் வந்தபோது, கம்பெனிப் பெண்கள் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்து, பைண்டு போட்டார்கள். தடிதடியாக ஐந்து பாகம். வாசுகியின் பீரோவில் அது இன்னும் இருந்தது. அந்தக் கதையில் ஒரு கறுப்பு ஆறு வரும். அதைக் கடக்க ஒரே ஓடம், ஒரே ஓடக்காரன். ராணி வந்தாலும் திருடன் வந்தாலும், அவன் துடுப்பை ஊன்றிக்கொண்டு, ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வான்: 'இன்னும் ஒருவர் இருக்கிறார்.' யாரும் இருக்கமாட்டார்கள். கரை காலியாக இருக்கும். ஓடம் கிளம்பும். யார் அந்த ஒருவர் என்று ஐந்து பாகம் முடிந்தும் எழுதியவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சாப்பாட்டு வேளையில் கம்பெனியே இதைப் பற்றி அடித்துக்கொண்டது.

"அந்த வார்த்தை எத்தன வாட்டி வருதுன்னு எண்ணிச் சொல்றேன். உன்கிட்டதான் ஃபோன்லயே புஸ்தகம் இருக்குதுன்னியே, நீ அதுல பாரு. ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாப்போம்."

திலீபனிடம் அது மின்னூலாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் தேடி, ஒரு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. "சித்தி, நீங்க படிங்க. ஃபோன்ல ரெக்கார்டு போட்டுட்டுப் படிங்க, அது தானா எனக்கு வந்துடும்" என்று பிரபாவிடம் சொல்லிவிட்டு ஓசூர் போய்விட்டான்.

பிரபா படித்தாள். படிக்காமல் என்ன செய்வாள்? அக்காளும் அவளும் இருந்த அந்த வீடு திலீபன் பேரில் இருந்தது. அக்காள் போய்விட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவான். கம்மாபுரத்துப் பக்கம் அவள் வாழ்ந்த வீடும் கொல்லையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டன. தேடிக்கொண்டு போனால் அந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அக்காள் ஒருத்திதான். அறுபத்தோரு வயதில் அவளை வண்டி ஏற்றிவிட்டு எந்த வாசலில் போய் நிற்பது?

தினம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் டீ வேளை வரைக்கும் படிப்பு. வாசுகிக்குக் கதை என்றால் பேச்சுதான். மலையும் வனமும் மாளிகையும் வந்தால் கொட்டாவி விடுவாள். "அது கெடக்கட்டும்டி, யாரு என்ன சொன்னா அதச் சொல்லு" என்பாள். "ஒரு வரி விடக்கூடாதுன்னு உன் புள்ள சொல்லியிருக்கானே" என்பாள் பிரபா. "அப்ப சரி, படிச்சுத் தொலை" என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஓடக்காரன் வாயைத் திறந்ததும் கண் திறக்காமலே கை மட்டும் நகரும். இந்த டப்பாவிலிருந்து ஒரு மணி அந்த டப்பாவுக்கு. 'டிங்'. ஒவ்வொரு பாகம் தொடங்கும்போதும் முதல் மணிக்கு மட்டும் "லாபம்" என்பாள். சூளையில் ஒன்று என்று சொல்லும் வழக்கம் இல்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும்.

சூளையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெந்த சரக்கை இறக்கும்போது இரண்டு பெண்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், ஒருத்தி வாங்கி எண்ணுவாள். கொடுக்கிறவள் எண்ணக் கூடாது. வாய்விட்டும் கூடாது, மனதுக்குள்ளும் கூடாது. இரண்டு பேர் எண்ணினால் ஒருத்தி தப்பை இன்னொருத்தி சரியென்று நினைத்துக்கொள்வாள், அதற்காகத்தான் என்று மேஸ்திரி சொல்வார். பெண்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

பிரபா அந்தக் கம்பெனியில் ஐந்து வருஷம் மெருகு போடும் இடத்தில் வேலை செய்திருக்கிறாள். அங்கே பறந்த தூள் போய் உட்கார்ந்த நெஞ்சு இன்றைக்கும் இருமிக்கொண்டுதான் இருக்கிறது. சூளை வழக்கமெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எண்ணினாள். ஒவ்வொரு முறை ஓடக்காரன் பேசும்போதும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அக்காள் தூங்கிப்போய் ஒன்றை விட்டுவிட்டால், மறுநாள் எப்படியாவது அந்தப் பக்கத்தையே திரும்பப் படித்துச் சரிசெய்துவிடலாம் என்று. அக்காள் ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறாள்.

*

"எதுக்குடி எண்ணின?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா! நாசமாப் போச்சு." வாசுகி டப்பாவைத் தொடாமல் கையை மடக்கிக்கொண்டாள். "வீராயி கதை உனக்கு மறந்துபோச்சா?"

"அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"பியூஸ் கட்டை இறக்கறோம். வீராயி குடுக்கறா, நான் வாங்கறேன். தட்டுக்கு நூறுன்னு அடுக்கினது. நூத்தியொண்ணு வருது. மறுபடி எண்ணு, நூத்தியொண்ணு. மேஸ்திரி எண்ணறாரு, நூத்தியொண்ணு. அடுக்கினவ சத்தியம் பண்றா, நூறுதான்னு. அப்புறந்தான் வீராயி அழுதுகிட்டே சொல்றா, நானும் மனசுக்குள்ள எண்ணிட்டேன்னு. அந்தத் தட்ட அப்படியே கேட்டுக்கு வெளியில வச்சோம். நம்ம சூளையில வெந்தது இல்ல அது. யாரும் லாரியில ஏத்தல."

"அடுக்கினவ தப்பா அடுக்கியிருப்பா."

"அடுக்கினவ யாரு தெரியுமா? நான்தான்."

பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. அக்காளின் குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை. மங்களூர் பஸ்ஸில் ஏறியவள் பேசுகிற மாதிரியே இல்லை.

"சரிக்கா. எந்த எடத்துல வந்துச்சுன்னு சொல்லு, பாத்துடலாம்."

"நாலாவது பாகம். ராணி பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடம் ஏறறா இல்ல, அங்க. ஓடக்காரன் ஒரு வாட்டி சொன்னான். ராணி, 'என் மகனைச் சேர்த்தா எண்ணினாய்?'னு கேட்டா. அவன் பதில் சொல்லல. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சொன்னான். அன்னைக்கு ஊரு முழுக்க கரண்ட் இல்ல. ஃபேன் சத்தம் இல்லாம தெளிவாக் கேட்டுச்சு."

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அந்த மாதம் அது பதினெட்டாம் தேதி. பிரபாவுக்கும் ஞாபகம் இருந்தது.

அதற்குள் ஃபோன் அடித்தது. திலீபன்.

பிரபா ஃபோனைக் கையில் எடுத்தாள். ஒரு நொடி அவளுக்குள் ஓடியது இதுதான்: இருநூற்றுப் பதிமூன்று என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு மணியை எடுத்து மறைப்பது பெரிய வேலையா? அவள் பட்டனை அழுத்தி ஸ்பீக்கரில் போடுவதற்குள் வாசுகி குரல் கொடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுச்சுப்பா. இருநூத்துப் பதினாலு."

அந்தப் பக்கம் திலீபன் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"என்னடா, சரியா?"

"அம்மா..." திலீபன் தொண்டையைச் செருமினான். "இங்க இருநூத்துப் பதிமூணு காட்டுதும்மா."

"அப்ப அது தப்பு."

"அது தப்பா காட்டாதும்மா. ரொம்பக் கிட்ட வந்துட்ட. பெரிய விஷயம்தான். ஆனா நீதான சொன்ன, ஒண்ணு தப்பினாலும்..."

"தம்பி, இரு, இரு" என்று பிரபா நடுவில் புகுந்தாள். "எங்ககிட்ட இருக்கறது பத்திரிகையில வந்ததுப்பா. புஸ்தகமாப் போடும்போது ஒரு வரிய எடுத்திருப்பாங்க. மாத்தியிருப்பாங்க. எத்தனையோ மாத்தறாங்க இல்ல?"

"இருக்கலாம் சித்தி. அந்தப் பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. இருந்துச்சுன்னா அம்மா சொல்றதுதான் சரி. நான் ஒத்துக்கறேன்."

பிரபா நாலாவது பாகத்தை எடுத்து வந்து தரையில் விரித்தாள். பழைய பசை வாடை அடித்தது. ஒரு பக்கத்தில் கதை, அதன் முதுகில் சோப்பு விளம்பரம். பக்கம் கிடைத்தது. ராணி ஏறுகிறாள். துடுப்பு. எண்ணிக்கை. 'இன்னும் ஒருவர் இருக்கிறார்.' ஓரத்தில் பென்சில் புள்ளி. ராணியின் கேள்வி. அதற்குக் கீழே:

'ஓடக்காரன் மறுமொழி கூறவில்லை. நீர் கறுத்து அசைந்தது. குழந்தை உறங்கிவிட்டது. வெகு தூரம் சென்ற பின்னும் அக்கரை புலப்படவில்லை.'

அவ்வளவுதான். இரண்டாவது தடவை ஓடக்காரன் பேசவே இல்லை. முந்தின பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் எல்லாம் பார்த்தாள். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். பிறகு ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள்.

"இல்லையே சித்தி" என்றான் திலீபன். அவன் குரலில் ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. "நாளைக்குக் காலையில கார் எடுத்துக்கிட்டு வரேன். அம்மா துணிமணி மட்டும் கொஞ்சம் எடுத்து வைங்க. உங்களுக்கும் ஒரு ஏற்பாடு யோசிக்கலாம்."

"ரெக்கார்டு இருக்குது இல்லடா?" என்றாள் வாசுகி கட்டிலிலிருந்து. "நாப்பது நாளும் போட்டுப் போட்டு வாங்கினியே, கேட்டியா?"

திலீபன் கேட்டிருக்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

"கேளு. கரண்ட் போன நாளு. கேட்டுட்டு அப்புறம் துணி எடுத்து வைக்கச் சொல்லு."

*

ஃபோனை வைத்ததும் பிரபா கொல்லைப் பக்கம் வந்தாள். வாழைக்கு அந்தப் பக்கம், வெயிலில், யாரோ பழைய கம்பெனியின் உடைந்த பீங்கான் குழாய்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். வெளுத்துப் போய் எலும்பு மாதிரி கிடந்தன. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பதினெட்டாம் தேதியைத் தேடி எடுத்தாள்.

தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது. அவளுக்கு அது ஏதோ வயதான வாத்தியாரம்மா குரல் மாதிரி இருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டு ராணியிடம் வந்து சேர்ந்தாள். ஃபேன் சத்தம் இல்லை. பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

'இன்னும் ஒருவர் இருக்கிறார்.' டிங்.

ராணி கேட்டாள். 'ஓடக்காரன் மறுமொழி கூறவில்லை. நீர் கறுத்து அசைந்தது.' இங்கே அவளுக்கு இருமல் வந்தது. வந்தது ஞாபகம் இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, சொம்பைத் தேடிய அந்த இருமல். ஃபோனில் அது கரகரவென்று நீளமாகப் போயிற்று. மூச்சு வாங்கி, மறுபடி இருமல்.

அந்த இருமலுக்கு நடுவில், அவள் குரல், நிதானமாகச் சொன்னது:

'இன்னும் ஒருவர் இருக்கிறார்.'

டிங்.

பிரபா ஃபோனைக் கல்லில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. 'இருக்கிறார்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வது அவள் வழக்கம், அந்த இழுப்பும் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். இருமல் தூரத்தில், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் கேட்டது. அந்தக் குரல் ஃபோனுக்குப் பக்கத்தில், வாயை வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது. ஃபோன் அன்றைக்கு அக்காளின் கட்டிலில், தலையணைக்கு அருகில் கிடந்தது.

உள்ளே வந்தபோது வாசுகி டப்பாவைத் திறந்து மணிகளைப் போர்வை மேல் கொட்டியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இருக்குதா?"

"இருக்குது."

வாசுகி தலையை ஆட்டினாள். சந்தோஷப்படவில்லை. "யாரு சொன்னது?"

பிரபா அக்காளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது. மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் இல்லை அது.

"நான்தான்க்கா. வேற யாரு? என் வாய்தான். இருமிட்டு, எங்க விட்டோம்னு தெரியாம மேல போய் அந்த வரியவே திரும்பப் படிச்சிருக்கேன். மறந்துபோச்சு."

"நீயா?"

"ஆமா."

"அப்ப நீதான் பைத்தியம், நான் இல்ல."

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

வாசுகி கொஞ்சம் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி மணிகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே ஓட்டை. "எதுடி அது?" என்றாள்.

"எது?"

"கூடுதலா வந்தது. இதுல எது? எடுத்துத் தெருவுல வச்சுட்டா நல்லது. எல்லாம் ஒண்ணாவே இருக்குதே."

"எல்லாத்தையும் அள்ளி வச்சுடலாம், விடு."

"அப்ப நம்மளுதும் சேந்து போயிடும்."

பிரபா மணிகளை அள்ளினாள். உள்ளங்கையில் அவை குளிர்ச்சியாக இருந்தன. வெயில் நேரத்தில், ஒரு மத்தியானம் முழுவதும் ஒருத்தி மடியில் கிடந்த பொருள் இப்படிக் குளிர்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். பிறகு, பீங்கான் எப்போதும் குளிர்ச்சிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டப்பாவில் கொட்டும்போது அவள் எண்ணவில்லை. எண்ணாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு எதையாவது நினைக்கவேண்டியிருந்தது. பழமலைநாதர் கோயில் கோபுரத்தை நினைத்தாள். அதில் எத்தனை நிலை என்று மனது உடனே எண்ணத் தொடங்கியது. அதையும் விட்டாள்.

டீ போட்டு இருவரும் குடித்தார்கள். வாசுகி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்தாள். ஃபோன் அடிக்க ஒரு மணி நேரமானது. பிரபா அதை எடுத்துக்கொண்டு முன்வாசல் பக்கம் போனாள். தெருவில் ஒரு ஆட்டோ, ஸ்கூல் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போயிற்று.

"சொல்லு தம்பி."

"சித்தி, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"தூங்கறா."

"கேட்டேன் சித்தி. அம்மா சொன்னது இருக்குது. அந்த எடத்துல வார்த்தை வருது. அம்மா காது தப்பல, எண்ணிக்கையும் தப்பல."

பிரபா படியில் உட்கார்ந்தாள். "அக்காதான் சொன்னா இல்ல, கேட்டுப் பாருன்னு."

"தப்பு என்னுதுதான். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்ப நாளைக்குக் காரு?"

"இல்ல, வேணாம். அம்மா அங்கயே இருக்கட்டும். நீங்களும் இருங்க. அதப் பத்தி இல்ல சித்தி, வேற ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப்போற? நான்தாம்பா அது. படிக்கும்போது எடம் தவறிப்போய் மேல போய் அதே வரிய மறுபடி சொல்லிட்டேன். வயசாயிடுச்சு இல்ல? அக்காகிட்டயும் சொல்லிட்டேன். சிரிச்சா. முடிஞ்சுபோச்சு, விடு." அவள் மூச்சுவிடாமல் பேசினாள். "சாப்பிட்டியா? புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துட்டாங்களா?"

"சித்தி."

"ம்."

"நான் இயர்போன் போட்டு நாலு வாட்டி கேட்டேன். உங்க குரல்தான். நீங்கதான்னு நானும் நெனச்சேன்." அவன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள், ஒருவேளை அவனே. "அத சொன்னது நீங்கன்னா, அதே நேரத்துல இருமிக்கிட்டு இருந்தது யாரு சித்தி?"